சேணத்துக்கு முன் வாங்க வேண்டியவை

வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிப் பெருஞ்சாலையில் வருகிறவர், பள்ளிகொண்டாவைத் தாண்டி, பெரும்பாலான மாதங்களில் மணலே பெருக்காகக் கிடக்கும் பாலாற்றின் ஓரமாக மாதனூரை அடைவதற்குள், தாம் தோல் வாணிகத்தின் நாட்டுக்குள் வந்துவிட்டதை உணர்ந்துவிடுவார். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குக் கிழக்கே மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும், மேற்கே ஆம்பூரும் வாணியம்பாடியும், ஆற்றைக் கடந்து அப்பால் சென்றால் பேரணாம்பட்டும் ஆக, தோலைப் பதனிட்டே பேர்பெற்ற ஊர்கள் சுற்றிலும் அமைந்திருக்கின்றன. இத்தனை தோல் புழங்கும் இந்நாட்டில் ஒருவர் புதிதாக ஒரு குதிரையை வாங்கி வந்து, அதற்குரிய சேணத்தையும் கடிவாளத்தையும் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினாரானால், காலணியும் இடைவாரும் கைப்பையும் அவருக்குத் தாராளமாகக் கிடைக்குமேயன்றிக் குதிரைக்கு வேண்டிய சாமான் அவ்வளவு எளிதில் கிடைக்காது. இந்த விநோதத்துக்குத் தக்க காரணம் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

குதிரைக்கு இப்பிரதேசம் புதிதன்று. செஞ்சி மன்னன் தேசிங்கு 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருது மாண்டபின், உடன்கட்டை ஏறிய அவனுடைய ராணியின் நினைவாக எழுந்ததே ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வரும் செய்தி. தேசிங்கின் கதையைப் பாடிய நாட்டுப் புலவர்கள் ராஜனுக்குக் கொடுத்த இடத்தில் பாதியையேனும் அவன் குதிரைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் ஆங்கிலேயர் தம் குதிரைப்படையை ஆர்க்காட்டில் நிறுத்திவைத்தனர். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி ஆர்க்காட்டுக்கு எட்டியதும், கில்லெஸ்பி என்ற தளபதி ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தைக் குதிரைமேல் கடந்து அன்று காலையிலேயே கோட்டை வாயிலுக்கு வந்து சேர்ந்தான். நம்மவர்க்குப் பெருந்துயரமாக முடிந்த நாள் அது. சிப்பாய்களின் கோபத்தைக் கிளறிய காரணங்களுள் ஒன்று புதிய தலைப்பாகையில் செருகும்படி கட்டளையிடப்பட்ட தோல் சின்னம் என்பதும், அவர்களை அடக்க வந்த படை தோல் சேணங்களின்மேல் வந்தது என்பதும், தோலுக்குப் பேர்போன இப்பகுதியின் சரித்திரத்தில் மறக்கக்கூடாத செய்திகள்.

இன்று படைக்காகக் குதிரை வாங்குவார் இங்கே இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதற்காகவும், வண்டியில் பூட்டுவதற்காகவும், கையில் கொஞ்சம் பணமும் மனத்தில் நெடுநாளைய ஆசையும் சேர்ந்துவிட்டதற்காகவும் வாங்குகிறவர்களே மிகுதி. ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் போனால் மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை என்று பல ஜாதிகளையும் ஒரே இடத்தில் காணலாம். விலை பேசுவோர் சுழி பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், ஆட்டம் போடச் சொல்லிப் பார்க்கிறார்கள். வாங்கிய குதிரையை வீட்டில் கொண்டுபோய் எதில் கட்டுவது, எதில் தண்ணீர் காட்டுவது என்ற யோசனை பெரும்பாலும் வண்டியில் ஏற்றியபின்தான் வருகிறது.

இது நம் நாட்டுப் பழைய குறைபாடு என்றே சொல்லவேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. அக்காலந்தொட்டுத் தமிழ் வேந்தர் அயல்நாட்டுக் குதிரைக்காகச் செலவிட்ட பொன்னுக்குக் கணக்கில்லை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருள் கொண்டுபோன அமைச்சரின் கதை நம் சமய வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையோரம் வந்துபோன மார்க்கோ போலோ எழுதிவைத்த குறிப்பு நம்மை வெட்கப்பட வைப்பது. ஓர்மூஸ் முதலிய அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை மன்னன் வாங்குவதாகவும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், அதற்குக் காரணம் தட்பவெப்பம் மட்டுமன்று, அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையும் தகாத தீனியுமே என்றும் அவர் கூறுகிறார். குதிரைகளைக் கொண்டுவந்த வியாபாரிகள், லாடமடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்கள் இந்நாட்டுக்குள் வராதபடி தடுத்துவிட்டார்களாம். குதிரை சாகச் சாகத்தானே அவர்கள் வியாபாரம் வளரும்! எண்ணிக்கையில் யாத்திரிகர்க்கு இயல்பான மிகை இருக்கலாம். எனினும் பிராணியை விலை கொடுத்து வாங்குகிறவன் அதைப் பேணும் சாதனங்களையும் சேர்த்து வாங்காவிட்டால் முதல் முழுவதும் மண்ணாகும் என்னும் உண்மையில் மிகை ஒன்றும் இல்லை.

ஆகவே புதிதாகக் குதிரை வாங்கியவர்க்கு முதலில் சொல்லத் தோன்றுவது, சேணத்தைக் கடைசியில் வாங்குங்கள் என்பதே. கேட்பவர்க்கு இது விபரீதமாகத் தோன்றலாம். ஏறுவதற்காகத்தானே குதிரை என்பார்கள். ஆயினும் சந்தையிலிருந்து வரும் குதிரை பெரும்பாலும் இளைத்து, முதுகெலும்பு தெரிய வந்திருக்கும். நல்ல தீனியும் ஓய்வும் பெற்ற சில வாரங்களில் அதன் முதுகும் தோளும் சதைபிடித்து வேறு வடிவம் எடுத்துவிடும். வந்த அன்றைய முதுகுக்கு அளவெடுத்த சேணம் இரண்டு மாதம் கழித்து இறுக்கிப் பிடிக்கும். அந்த இடைக்காலத்தில் குதிரையைத் தரையில் நின்றே பழக்கலாம். அதற்கு வேண்டியவை வேறு.

அவற்றுள் தலையாயது முகக்கயிறும், அதோடு இணைத்துப் பிடிக்கும் கைக்கயிறும். மலிவாகக் கிடைக்கும் நைலான் முகக்கயிறு பார்வைக்கு நிறம் நிறமாக இருக்கும்; ஆனால் குதிரை வெருண்டு பின்னுக்கு இழுக்கும்போதோ, முகக்கயிறு எதிலாவது மாட்டிக்கொள்ளும்போதோ அது அறாது. அறாத கயிறு கழுத்தை முறிக்கும். தோலால் ஆன முகக்கயிறு, அன்றேல் உச்சந்தலையில் படும் துண்டு மட்டுமாவது மெல்லிய தோலால் ஆனது, ஆபத்து வேளையில் அறுந்து குதிரையைக் காப்பாற்றும். அறுந்துபோவதே ஒரு பொருளின் நற்குணமாக இருக்கும் இடம் உலகத்தில் சிலவே. அவற்றுள் இது ஒன்று. கைக்கயிறு இரண்டரை அல்லது மூன்று மீட்டர் நீளமுள்ள பருத்திக் கயிறாக இருக்கட்டும். நைலான் வேகமாக உருவும்போது உள்ளங்கையைச் சுட்டுவிடும். எந்தக் கயிறானாலும் அதைக் கையில் சுற்றிக்கொண்டு நடத்தலாகாது. கட்டும்போது குதிரையின் கழுத்தும் முதுகும் கூடும் மேட்டின் உயரத்தில், ஒரு முனையை இழுத்தவுடன் அவிழும் முடிச்சாகக் கட்டவேண்டும். கடிவாளத்தைப் பிடித்துக் கட்டுவது ஒருபோதும் கூடாது. பழைய ராணுவ லாயங்களில் அகாடி, பிச்சாடி என்று முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு இரண்டுமாகக் கயிறு கட்டி நிறுத்துவார்கள். நூற்றுக்கணக்கான குதிரைகளைத் திறந்த வெளியில் நிறுத்தவேண்டிய படைக்கு அது அவசியமாக இருந்திருக்கலாம், ஒற்றைக் குதிரையை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது வேண்டியதில்லை.

அடுத்து வருவது வாளி. சேணத்தைப்பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் வாளியைப்பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை. ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வேலூர் வட்டாரத்துச் சித்திரை வெயிலில் வேலை செய்யும் குதிரை அதற்கு மேலும் குடிக்கும். எனவே விளிம்பு கூரில்லாத இரண்டு பெரிய வாளிகளோ, அகலமான ஒரு தொட்டியோ வேண்டும். தீனிக்குத் தனிப் பாத்திரம் வேண்டும். கொள்ளும் தவிடும் வைக்கும் பெட்டிக்கு இறுக மூடித் தாழிடும் மூடி இருக்கவேண்டும். எலிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இரவில் அவிழ்த்துக்கொண்ட குதிரை தானியப் பெட்டியில் வாயை வைத்துவிட்டால், குதிரையின் உடலமைப்பில் வாந்தி எடுக்கும் சக்தியே இல்லையாதலால், தின்றது உள்ளேயே தங்கிக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும்; குளம்புக்குள் வீக்கங்கண்டு நடக்கமாட்டாமல் படுத்துவிடுவதும் உண்டு. தீனியைப் படியால் அளவாமல் தராசில் நிறுத்துப் போடுவதும் நல்லது. ஒரு படி கொள்ளும் ஒரு படி தவிடும் ஒரே எடையல்ல. விற்றவரிடமிருந்தே பத்து நாளைக்குரிய பழைய தீனியைக் கேட்டு வாங்கி வந்து, புதியதைச் சிறுகச் சிறுகக் கலந்து மாற்றவேண்டும். ஒரு பாறையுப்புக் கட்டியும் தொழுவத்தில் தொங்கட்டும்.

தேய்ப்பதற்குரிய சாமான்கள் நான்கைந்துதான். வட்டமான ரப்பர்ச் சீப்பு, அழுக்கைத் தட்டக் கடினமான தூரிகை, உடம்பைத் துலக்க மென்மையான தூரிகை, கண்ணையும் மூக்கையும் துடைக்க ஒரு பஞ்சு, வால் கழுவ இன்னொரு பஞ்சு. பல் வைத்த இரும்புச் சீப்பைக் குதிரையின் மேல் இழுக்கிறவர்களைக் காண்கிறோம். அது தூரிகையில் சேர்ந்த அழுக்கை உதிர்ப்பதற்காக ஏற்பட்டதேயன்றித் தோலைப் பிராண்டுவதற்கன்று. இவை எல்லாவற்றினும் விலை குறைந்ததும் விலைமதிப்பற்றதும் குளம்பு சுரண்டும் கொக்கி. பாலாற்று மணலும் கருங்கல் ஜல்லியும் கலந்த இப்பகுதிப் பாதைகளில் நடந்துவரும் குதிரையின் குளம்புக்குள் கல் புகாத நாள் இராது. நாள்தோறும் ஏறுமுன் ஒருமுறையும் இறங்கியபின் ஒருமுறையும், குதிகாலிலிருந்து முன்னோக்கி, நடுவே முக்கோண வடிவில் மெத்தென்றிருக்கும் பகுதியைக் குத்தாமல் சுரண்டி எடுக்கவேண்டும். மழைக்காலத்தில் அவ்விடம் அழுகி நாற்றமெடுத்தால் முதலில் காட்டிக்கொடுப்பதும் இந்தக் கொக்கியே. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து குளம்பைச் சீவவேண்டும். மாட்டுக்கு லாடமடிக்கிறவர் எல்லாரும் குதிரைக்கு அடிக்கத் தெரிந்தவர் அல்லர்; குதிரையை வாங்குமுன் லாடக்காரரைத் தேடிவைப்பது புத்திசாலித்தனம்.

மருந்துப் பெட்டியில் அதிகம் வேண்டியதில்லை: புண் கழுவும் மருந்து, பஞ்சு, அகலமான கட்டுத்துணி, கத்தரிக்கோல், ஒரு வெப்பமானி. ஓய்வாக நிற்கும் குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரையிலும், நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரையிலும் இருப்பது இயல்பு; உங்கள் குதிரைக்குரிய அளவை நல்ல நாளிலேயே குறித்துவைத்திருந்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். தனுர்வாதம் குதிரையை மிக எளிதில் பற்றுமாதலால் அதற்குரிய தடுப்பூசி தவறலாகாது. கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்று மனிதர்க்கும் பரவக்கூடியது. வாங்குமுன்பே கால்நடை மருத்துவரைக்கொண்டு இரத்தத்தைச் சோதிப்பித்து, முடிவு தெரிந்தபின் பணம் எண்ணிக் கொடுப்பதே முறை. இத்தகைய சோதனைகளுக்கும் குதிரை நோய் ஆராய்ச்சிக்கும் என்றே ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. பழைய சாஸ்திரத்தில் நாட்டமுள்ளவர்கள், நகுலன் இயற்றியதாக வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் 1952இல் சித்திரங்களோடு பதிப்பித்திருப்பதையும் தேடிப் பார்க்கலாம். சுழிகளின் பலனை நம்புவது அவரவர் விருப்பம், வெப்பமானியை நம்புவது என் விருப்பம்.

கடிவாளத்துக்கு வருவோம். வாயில் கிடக்கும் இரும்பின் அகலம் குதிரையின் வாயகலத்தைவிடப் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் மிகுந்திருந்தால் போதும். குறைந்தால் உதட்டோரம் புண்ணாகும், மிகுந்தால் இப்புறமும் அப்புறமும் சறுக்கிப் பல்லில் இடிக்கும். நடுவில் மூட்டுள்ள, வழவழப்பான, துருப்பிடிக்காத எஃகுத் துண்டே புதியவர் கைக்கு ஏற்றது. வண்டிக்காரர் சிலரிடம் முள் வைத்த கடிவாளம் இன்றும் காணப்படுகிறது. இழுவை விலங்குகள், பொதி விலங்குகள் ஆகியவற்றின் வதையைத் தடுக்க 1965இல் மத்திய அரசு வகுத்த விதிகள் முள்ளும் குமிழும் உள்ள கடிவாளத்தைத் தடை செய்கின்றன. சட்டம் ஒருபுறமிருக்க, நாக்குப் புண்பட்ட குதிரை தீனியைக் குறைத்து, தலையை உதறி, நாளடைவில் எந்தக் கடிவாளத்துக்கும் அடங்காததாக ஆகிவிடுகிறது. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் காதுகள் உட்புறமாக வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. அவற்றுக்கு நெற்றிப்பட்டை குட்டையாக அமைந்துவிட்டால் காதின் அடியை அழுத்தும். குதிரை தலையைச் சிலுப்பிக்கொண்டே இருக்கிறதே என்று அதைச் சவுக்கால் அடிக்குமுன் நெற்றிப்பட்டையை அவிழ்த்துப் பாருங்கள்.

இனித் தோல். ஆம்பூரில் தோல் இருந்தும் சேணம் இல்லாத காரணத்தை இங்கே சொல்லவேண்டும். தோலைப் பதனிடுவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் போன்ற தாவரச் சரக்குகளின் சாற்றில் வாரக்கணக்காக ஊறவைப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியிலிருந்து இவ்வாறு பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போய், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரோடு அங்கே மதிப்புப் பெற்றது. மற்றொன்று குரோமிய உப்பைக்கொண்டு சில நாட்களில் முடித்துவிடுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்முறையைச் சென்னையில் பரீட்சித்துக் காட்டினார். அதன்பின் எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயராலேயே குரோம்பேட்டை குரோம்பேட்டையாயிற்று. குரோமில் பதனிட்ட தோல் மென்மையாக வளையும், நனைந்தாலும் கெடாது, காலணியின் மேற்பகுதிக்கு அதைப்போல் உகந்தது வேறில்லை. பாலாற்றுக் கரையூர்கள் காலணி ஏற்றுமதியில் செழித்தது இந்தத் தோலால்தான். ஆறும் நிலத்தடி நீரும் அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு உலகறியச் செய்துவிட்டது.

சேணத்துக்கும் கடிவாள வாருக்கும் வேண்டியதோ இதற்கு நேர்மாறான குணம். நீளாமல், கனமாக, அழுத்திய வடிவில் நின்று, தையலைத் தாங்கும் தடித்த தோல் வேண்டும். அது பெரும்பாலும் தாவரச் சரக்கில் பதனிட்ட எருமைத்தோலாகவோ மாட்டுத்தோலாகவோ இருக்கும். 1857க்குப் பின் படைக்குச் சேணம் தைப்பதற்காக ஆங்கிலேய அரசு கான்பூரில் ஒரு தொழிற்சாலையை நிறுவியது. அதைச் சுற்றி வளர்ந்த கைவினைஞர் பரம்பரையால் இன்றளவும் கான்பூரே சேணத்துக்குத் தலைநகர். அங்கிருந்து உலகெங்கும் சேணம் போகிறது. நம் பகுதித் தொழிலாளரின் கைத்திறம் அதற்குக் குறைந்ததன்று. கேட்பார் இல்லாமையால் அவர்கள் காலணியோடு நின்றுவிட்டார்கள். அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தையும் வைத்துக்கொண்டு, ஒரு வாருக்காகக் கான்பூருக்குக் கடிதம் எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை. முழுச் சேணம் இங்கே தைக்க முடியாவிட்டாலும், முகக்கயிறு, லகான், அங்கவடி தொங்கும் வார் ஆகியவற்றைப் பழையதொன்றை மாதிரிக்குக் காட்டி, தாவரப் பதனிட்ட தோலில் தைத்துத் தரச் சொன்னால், தேர்ந்த கைகள் செய்து தரும். தோலை மடித்துப் பார்த்து மடிப்பில் வெடிப்பு விழாததாகவும், ஓரம் சீராக மெருகிட்டதாகவும் இருப்பதைத் தேர்ந்துகொள்ளவேண்டும். வியர்வையின் உப்பே தோலுக்கு முதற் பகை. ஏறி இறங்கியபின் ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை சோப்பிட்டு, நிழலில் உலர்த்தி, இலேசாக எண்ணெய் பூசிவைப்பதும், ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்காதபடி காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவதும் போதும்.

கடைசியாகச் சேணம். அளவு தவறிய செருப்பு காலைக் கடிப்பதுபோல அளவு தவறிய சேணம் முதுகைக் கடிக்கும்; மனிதன் செருப்பைக் கழற்றி எறிவான், குதிரையால் அது முடியாது. ஆகவே துணி எதுவும் போடாமல் வெறுமுதுகில் சேணத்தைச் சற்று முன்னே வைத்து, மயிர் படியும் திசையில் பின்னுக்குத் தள்ளி, தோள் எலும்புக்குப் பின்னால் தானாக நிற்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கழுத்தும் முதுகும் கூடும் மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே, ஆள் ஏறிய நிலையிலும் இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். பின்னால் நின்று நோக்கினால் முதுகெலும்பின் மேலே, வாயில்போல் நீள, மறுபுறத்து வெளிச்சம் தெரியவேண்டும். இருபுறத்து மெத்தைகளும் இடைவெளியின்றி முதுகில் படியவேண்டும். கடைசி விலா எலும்புக்கு அப்பால் சேணம் நீளலாகாது. வயிற்றுவாரை ஒரேயடியாக இறுக்காமல், சற்று நடத்தி, மீண்டும் இறுக்கி, இரண்டு விரல் நுழையும் அளவில் நிறுத்தவேண்டும். அங்கவடி பாதத்தைவிட இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்கட்டும். குதிகால் உயர்ந்த, முழுதும் மூடிய காலணியன்றிச் செருப்பு மாட்டிக்கொண்டு அங்கவடியில் கால் வைக்கவே கூடாது, ஏனெனில் விழும்போது கால் நுழைந்து சிக்கிக்கொண்டால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். ஆம்பூர் மனிதர் காலணிக்காகக் கவலைப்படவேண்டியதில்லை; தலைக்கவசத்துக்கு மட்டும் குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்டதை வரவழைத்துக்கொள்ளட்டும்.

பழைய சேணம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் கொண்டுவந்தால், அதன் தோலையும் பளபளப்பையும் பார்த்து மயங்காமல், முன்வளைவை இரு கைகளாலும் பிடித்து உள்நோக்கி அழுத்தியும், பின்விளிம்பை வயிற்றில் சாய்த்து முன்விளிம்பை உங்களை நோக்கி இழுத்தும் பாருங்கள். உள்ளே மறைந்திருக்கும் மரச்சட்டம் கிறீச்சிட்டாலோ, ஒருபுறம் மட்டும் மிகுதியாக அசைந்து கொடுத்தாலோ, சட்டம் முறிந்திருக்கிறது. சட்டம் முறிந்த சேணத்தின் தோல் எத்தனை உயர்ந்ததாயினும், அதை வார் வெட்டத்தான் பயன்படுத்தலாம், குதிரைமேல் போடலாகாது. நல்ல சட்டமுள்ளதாயின் வாங்கி, முதல் சில சவாரிகளில் சேணத்தை இறக்கியவுடன் வியர்வைத் தடத்தைக் கவனியுங்கள். முதுகெலும்பின் நீளத்துக்கு நடுவே உலர்ந்தும் இருபுறமும் ஒரே சீராக நனைந்தும் இருந்தால் சேணம் பொருந்தியிருக்கிறது. நனைந்த பரப்பின் நடுவில் உள்ளங்கையளவு வறண்ட திட்டு ஒன்று தெரிந்தால், அவ்விடத்தில் இரத்தம் ஓடாதபடி சேணம் அழுத்துகிறது என்று அறிந்து, மெத்தையைப் பிரித்துத் திருத்தும்வரை அதை மறுபடி ஏற்றாதிருங்கள்.